சென்னைக்கு வர்றீங்களா? இறங்குற முதல் ஒரு மணி நேரம் உஷார்! - கம்மி செலவில் தங்க, சாப்பிட வழி

சென்னை, வந்தாரை வாழ வைக்கும் ஊர்னு சொல்வாங்க. ஆனால் வந்து இறங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் ஏமாந்துவிட்டால், ஊரிலிருந்து மடியில் முடிந்து கொண்டு வந்த காசில் பாதி போய்விடும்.

வெளியூரில் இருந்து சென்னைக்கு வருகிறவர்கள் எல்லாரும் மெரினா பார்க்க வருவதில்லை. பெரியாஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஆபரேஷன், டி.என்.பி.எஸ்.சி. கவுன்சிலிங், ஐகோர்ட்டில் வாய்தா, கம்பெனி இண்டர்வியூ, தலைமை செயலகத்தில் மனு என்று ஏதோ ஒரு அவசரத்தில் வருகிறவர்கள்தான் அதிகம். கையில் இரண்டாயிரம், மூவாயிரம் இருக்கும். ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை மூன்று நாள் இழுக்கும். அப்போதுதான் முதல் நாளில் வீணாக போன 500 ரூபாயின் அருமை தெரியும்.

உண்மையை சொன்னால், சென்னையில் சாப்பாட்டு செலவை 20 ரூபாய்க்குள்ளும் அடக்கலாம். பர்சை காலி செய்வது ரூமும் ஆட்டோவும்தான். தப்பான இடத்தில் இறங்கி, தப்பான இடத்தில் ரூம் போட்டால் இரண்டுக்கும் சேர்த்து தண்டம் அழ வேண்டியதுதான்.

எங்கே இறங்கணும்?

தென்மாவட்டங்களில் இருந்து பஸ்சில் வருகிறவர்கள் இன்னமும் பலர் கோயம்பேடு ஞாபகத்திலேயே கிளம்பி வருகிறார்கள். 2023 டிசம்பர் 30-ந்தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. 2024-ம் ஆண்டு தொடக்கத்தில் தென்மாவட்ட அரசு பஸ்களும், ஆம்னி பஸ்களும் அங்கே மாற்றப்பட்டன. கிளாம்பாக்கம் என்பது வண்டலூர் உயிரியல் பூங்காவை தாண்டி, ஊரப்பாக்கத்துக்கு பக்கத்தில். அங்கிருந்து சென்டிரல் 30 கிலோ மீட்டருக்கு மேல். விடியற்காலை தூக்க கலக்கத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "பெரியாஸ்பத்திரி போகணும்" என்றால், ஊரிலிருந்து வந்த பஸ் டிக்கெட்டை விட அதிகமாக கேட்பார்.

அதுக்கு அவசியமே இல்லை. கிளாம்பாக்கத்துக்கு உள்ளேயே மாநகர பஸ் நிற்கிறது. தாம்பரம் வரைக்கும் பஸ், அங்கிருந்து மின்சார ரெயில். அதிகாலை 4 மணி வாக்கிலேயே ரெயில் ஓட ஆரம்பித்துவிடும். டிக்கெட் பத்து ரூபாய் அளவுதான். பெரியாஸ்பத்திரிக்கு பார்க் ஸ்டேஷன், குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு எழும்பூர், தலைமை செயலகத்துக்கு கோட்டை ஸ்டேஷன், ஐகோர்ட்டுக்கு பீச் ஸ்டேஷன் இல்லாவிட்டால் கோட்டை என்று இறங்கிக்கொள்ளலாம். மெட்ரோ ரெயில் கிளாம்பாக்கம் வரை வரவில்லை. விமான நிலையத்தோடு சரி.

ரெயிலில் வருகிறவர்களுக்கும் ஒரு விஷயம். தெற்கே இருந்து வரும் பல ரெயில்கள் தாம்பரத்தில் நின்றுதான் எழும்பூர் போகும். கிண்டி, குரோம்பேட்டை, ஓ.எம்.ஆர். பக்கம் வேலை இருந்தால் எழும்பூர் வரை போய் திரும்பி வர வேண்டாம். அதே மாதிரி கோவை, சேலம் பக்கம் இருந்து வரும் பல ரெயில்கள் பெரம்பூரில் நிற்கும்.

பெண்களுக்கு 2021-ம் ஆண்டு மே மாதத்தில் இருந்து சாதாரண கட்டண பஸ்களில் டிக்கெட் கிடையாது. கட்டணமில்லா பஸ்சுக்கு பிங்க் கலர் பூசியிருப்பார்கள், போர்டிலும் எழுதியிருக்கும். வெளியூர் அம்மாக்கள் பலர் இது சென்னைக்காரங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்து டீலக்ஸ் பஸ்சில் காசு கொடுத்து போகிறார்கள். எந்த ஊராக இருந்தாலும் இலவசம்தான், ஆதார் எல்லாம் காட்ட தேவையில்லை.

"ரூம் வேணுமா சார்?"

எழும்பூர் ஸ்டேஷன் வாசலிலும், சென்டிரல் வாசலிலும் காலை 5 மணிக்கே இந்த குரல் கேட்கும். "பக்கத்துலதான் சார், ஐநூறு ரூபாதான், பையை குடுங்க" என்று சொல்லிக்கொண்டே பையை வாங்கிக்கொள்வார். பை அவர் கைக்கு போய்விட்டால் நீங்க அவர் பின்னாடிதான் போகணும். கூட்டிக்கொண்டு போகிறவருக்கு லாட்ஜில் கமிஷன் உண்டு. அந்த கமிஷன் உங்க ரூம் வாடகையில்தான் ஏறும். ஆட்டோக்காரர் "எனக்கு தெரிஞ்ச லாட்ஜ்" என்று சொன்னாலும் கதை இதேதான்.

இதை எழுதுகிற எனக்கும் அந்த அனுபவம் உண்டு. 20 வருஷத்துக்கு முன்னாடி இண்டர்வியூவுக்காக நெல்லை எக்ஸ்பிரசில் வந்து எழும்பூரில் இறங்கினேன். ஒருத்தர் பையை தூக்கிக்கொண்டு முன்னாடி நடந்தார். சந்துக்குள் சந்து நுழைந்து நாலாவது மாடி. காலை 6 மணிக்கு ரூம் போட்டு, குளித்து, இண்டர்வியூ போய்விட்டு சாயங்காலம் திரும்பி வந்தேன். கவுண்ட்டரில் இருந்தவர் "ரெண்டு நாள் வாடகை குடுங்க" என்றார். கேட்டால், "இங்க பகல் 12 மணிக்கு கணக்கு முடியும், நீங்க வந்தது நேத்து கணக்கு" என்று சுவரில் ஒட்டியிருந்த பேப்பரை காட்டினார். அன்றைக்கு ராத்திரி ஒரு டீ, இரண்டு பன் மட்டும் சாப்பிட்டுவிட்டு அன்ரிசர்வ்டு பெட்டியில் ஊருக்கு போனேன். வேலை கிடைத்தது வேறு கதை.

அதனால் ரூம் போடும்போது முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கணும்: "24 மணி நேர கணக்கா, 12 மணி கணக்கா?" நம்ம ஊர் பழைய லாட்ஜ்கள் பலவற்றில் 24 மணி நேர கணக்கு உண்டு. காலை 6 மணிக்கு போனால் மறுநாள் காலை 6 மணி வரை ஒரே நாள் வாடகை. 12 மணி கணக்கு என்றால் காலை 6 மணிக்கு ரூம் போடுகிறவருக்கு ஆறு மணி நேரத்தில் ஒரு நாள் போச்சு. ராத்திரி தங்கி மறுநாள் காலை கிளம்புகிறவருக்கு இது பிரச்சினை இல்லை. விடிகாலையில் வந்து இறங்குகிறவருக்குத்தான் அடி. செல்போனில் ஆப் மூலம் பதிவு செய்தாலும் இதே கதைதான், பெரும்பாலும் பகல் 12 மணிக்கு பிறகுதான் ரூம் கொடுப்பார்கள்.

ரெண்டாவது, அட்வான்ஸ் கொடுத்தால் ரசீது. ரசீதில் ரூம் நம்பர், நீங்க உள்ளே வந்த நேரம், ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று மூன்றும் இருக்கணும். நேரம் எழுதாத ரசீது இருந்தும் பிரயோஜனம் இல்லை.

மூன்றாவது, காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி ரூமை பாருங்க. கவுண்ட்டரில் நின்றுகொண்டே பணம் கட்டாதீங்க. மெத்தையின் ஓரத்தை தூக்கி பார்த்தால் மூட்டைப்பூச்சி இருக்கா இல்லையா என்று தெரிந்துவிடும். ஓரத்தில் கறுப்பு கறுப்பாய் புள்ளி இருந்தால் வேற ரூம் கேளுங்க. குழாயை திறந்து பாருங்க. வெந்நீர் எத்தனை மணி வரை என்று கேளுங்க, பல இடங்களில் காலை 8, 9 மணியோடு நிறுத்திவிடுவார்கள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் சரியாக விழுதா என்று பாருங்க. சொந்தமாக ஒரு சின்ன பூட்டு கொண்டு வருவது நல்லது.

ஒரிஜினல் அடையாள அட்டை இல்லாமல் பொதுவாக லாட்ஜில் ரூம் கொடுக்க மாட்டார்கள். ஜெராக்ஸ் கேட்பார்கள். அந்த ஜெராக்சில் "லாட்ஜில் தங்க மட்டும்" என்று எழுதி தேதி போட்டு கொடுங்க. அந்த காகிதம் வேறு எதுக்கும் பயன்படக்கூடாது இல்லையா.

வரியிலும் ஒரு ஏமாற்று நடக்கும். ஒரு நாள் வாடகை ரூ.7 ஆயிரத்து 500-க்குள் இருக்கும் ரூமுக்கு 2025 செப்டம்பர் 22-ந்தேதியில் இருந்து ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். அதுக்கு முன்னாடி 12 சதவீதமாக இருந்தது. 800 ரூபாய் ரூமுக்கு வரி 40 ரூபாய், அவ்வளவுதான். "டாக்ஸ் தனி சார்" என்று நூறு, நூற்றைம்பது கேட்டால் ஜி.எஸ்.டி. நம்பர் போட்ட பில் கேளுங்க.

எந்த ஏரியாவில் ரூம்?

வேலை எங்கேயோ அங்கே நடக்கிற தூரத்தில் ரூம் எடுங்க. 200 ரூபாய் கம்மி என்று வேளச்சேரியில் ரூம் போட்டுவிட்டு பெரியாஸ்பத்திரிக்கு தினமும் அலைந்தால், அந்த 200 போய் மேலே 300 ஆகும். அதோடு ஆஸ்பத்திரியில் எந்த நேரம் கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது.

எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே கென்னட் லேன், காந்தி இர்வின் ரோடு பக்கம் லாட்ஜ்கள் வரிசையாக இருக்கு. ஏ.சி. இல்லாத ரூம் சுமாராக ரூ.700-ல் ஆரம்பித்து ரூ.1,200 வரை போகும். குழந்தைகள் ஆஸ்பத்திரி, மகப்பேறு ஆஸ்பத்திரி, கமிஷனர் ஆபீஸ் வேலையாக வருகிறவர்களுக்கு இது வசதி. சென்டிரலுக்கு பக்கத்தில் வால்டாக்ஸ் ரோடு, பெரியமேடு பக்கமும் லாட்ஜ் உண்டு. பெரியாஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் வால்டாக்ஸ் ரோட்டில் ராத்திரி எல்லாம் லாரி சத்தம் இருக்கும். ரோட்டை பார்த்த ரூம் வேண்டாம், உள்பக்கம் கேளுங்க.

திருவல்லிக்கேணி என்றால் மேன்ஷன். வேலை தேடி வந்த பேச்சலர்களுக்காக வந்த மேன்ஷன்கள், இப்போதும் இருக்கு. மாத வாடகைதான் பிரதானம், சில இடங்களில் நாள் வாடகைக்கும் கொடுப்பார்கள். ஆம்பளைங்களுக்கு மட்டும்தான். ரூம் தீப்பெட்டி மாதிரி இருக்கும், கழிவறை வராந்தா கடைசியில் பொதுவாக இருக்கும். தூங்கி எழுந்து குளித்துவிட்டு கிளம்ப அது போதும். ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனை, கஸ்தூரிபாய் ஆஸ்பத்திரி, சேப்பாக்கம் எழிலகம் எல்லாம் பக்கம். குடும்பத்தோடு வந்தால் மேன்ஷன் சரிப்படாது, அதே ஏரியாவில் பேமிலி லாட்ஜ் கேளுங்க.

ஆயிரம் விளக்கு, கிரீம்ஸ் ரோடு பக்கம் தனியார் ஆஸ்பத்திரிகளுக்காக ஏகப்பட்ட சின்ன லாட்ஜ்கள், நாள் வாடகை வீடுகள் இருக்கு. மேற்கு வங்காளம், வங்காளதேசத்தில் இருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் அங்கேதான் தங்குவார்கள். வங்காளி மெஸ் கூட அங்கே உண்டு. அங்கே சில வீடுகளில் கேஸ் அடுப்போடு ரூம் கிடைக்கும். பத்து நாள், பதினைந்து நாள் தங்கவேண்டி இருந்தால் கஞ்சி வைத்துக்கொள்ள, ரசம் வைத்துக்கொள்ள அதுதான் லாபம்.

ரெயில் டிக்கெட் வைத்திருப்பவர்கள் ஸ்டேஷனில் உள்ள ஓய்வு அறையையும் பார்க்கலாம். சென்டிரலில் ரூமும் உண்டு, டார்மிட்டரி படுக்கையும் உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளத்தில் பி.என்.ஆர். நம்பரை போட்டு பதிவு செய்யணும். டிக்கெட் உறுதியாகி இருக்கணும், இல்லை ஆர்.ஏ.சி.யில் இருக்கணும். காலையில் வந்து வேலையை முடித்துக்கொண்டு ராத்திரியே திரும்புகிறவருக்கு ரூமே தேவையில்லை. பையை பூட்டு போட்டு ஸ்டேஷன் கிளாக் ரூமில் கொடுத்துவிட்டு, காத்திருப்பு அறையில் குளித்துவிட்டு கிளம்பலாம். பூட்டு இல்லாத பையை கிளாக் ரூமில் வாங்க மாட்டார்கள். எழும்பூர் ஸ்டேஷனை இடித்து கட்டும் வேலை பல வருஷமாக நடப்பதால், அங்கே எது எந்த பக்கம் இருக்கு என்று கேட்டுக்கொண்டு போங்க.

தனியாக வரும் பெண்கள் சந்துக்குள் இருக்கும் லாட்ஜை தேடி போகவேண்டாம். ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. விருந்தினர் இல்லம் இருக்கு, வாடகை கொஞ்சம் கூட, ஆனால் நிம்மதி. பரீட்சை, இண்டர்வியூவுக்கு வரும் பொண்ணுங்க அரசின் தோழி விடுதிகளையும் விசாரிக்கலாம். தாம்பரத்திலும், கூடுவாஞ்சேரியிலும் இருக்கு, கிளாம்பாக்கத்தில் இறங்கினால் பக்கம். நேராக போய் நிற்காமல் முன்கூட்டியே இணையதளத்தில் பதிவு செய்துவிட்டு போங்க.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு

பெரியாஸ்பத்திரி வராந்தாவிலும், ஸ்டான்லி மரத்தடியிலும் பாயை விரித்து படுத்திருக்கும் ஜனங்களை பார்த்திருப்பீங்க. நோயாளிக்கு உள்ளே பெட், சாப்பாடு எல்லாம் கிடைக்கும். கூட வந்தவருக்கு எதுவும் கிடையாது. வார்டில் ஒருத்தருக்குத்தான் பாஸ்.

பலருக்கு தெரியாத விஷயம், நோயாளியோடு வந்தவர்கள் தங்குவதற்கு அரசு ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் மாநகராட்சி காப்பகங்கள் இருக்கு. வாடகை கிடையாது. ரூம் மாதிரி எதிர்பார்க்க கூடாது, பெரிய ஹால், வரிசையாக படுக்கை, பொது கழிவறை. ஆனால் மழையில் நனையாமல் படுக்கலாம், பையை யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். வார்டு நர்சிடமோ, புறநோயாளி பிரிவில் விசாரணை கவுண்ட்டரிலோ "அட்டெண்டர் தங்குற காப்பகம் எங்க இருக்கு" என்று கேளுங்க. நோயாளியின் அனுமதி சீட்டை கையில் வைத்துக்கொள்ளுங்க.

லாட்ஜில்தான் தங்குவேன் என்றால் குடும்பம் மொத்தமும் ரூம் போடவேண்டாம். ஒரு சிங்கிள் ரூம் போட்டு முறை வைத்து குளித்து தூங்கினால் போதும். ராத்திரி ஒருத்தர் வார்டில் இருக்கப்போகிறார்தானே.

20 ரூபாய்க்குள் மூன்று வேளை

2013 பிப்ரவரியில் சாந்தோமில் முதல் அம்மா உணவகம் திறக்கப்பட்டது. இப்போது நகரம் முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கு. அப்போது வைத்த விலைதான் தொடர்கிறது. இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், ராத்திரி இரண்டு சப்பாத்தி பருப்பு கடைசலோடு 3 ரூபாய். காலையில் ஐந்து இட்லி, மதியம் ஒரு சாம்பார் சாதம், ஒரு தயிர் சாதம், ராத்திரி நாலு சப்பாத்தி. கூட்டி பாருங்க, 19 ரூபாய். ஒரு டீயும் ஒரு பிஸ்கெட்டும் அதை விட விலை அதிகமாக விற்கிற ஊரில் இது.

ருசி எப்படி என்றால், இடத்துக்கு இடம் மாறும். எல்லா இடத்திலும் இட்லி பஞ்சு மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது. சில இடங்களில் பாத்திரம், கிரைண்டர் எல்லாம் பழசாகி போய் தடுமாறியதால் 2024-ல் சீரமைக்க அரசு ரூ.21 கோடி ஒதுக்கியது. நேரத்தோடு போனால் சூடாக கிடைக்கும். காலை 7 மணிக்கு, மதியம் 12 மணிக்கு, ராத்திரி 6 மணிக்கு ஆரம்பம். மதியம் 2 மணிக்கு மேல் போனால் தீர்ந்துவிட்டது என்பார்கள். சில்லறை கொண்டு போங்க, 500 ரூபாய் தாளை நீட்டினால் டோக்கன் கொடுக்கும் அக்கா திட்டும். பெரியாஸ்பத்திரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி வளாகங்களில் அம்மா உணவகம் இருக்கு. அங்கே க்யூ கொஞ்சம் நீளம்.

கோவில் அன்னதானமும் உண்டு. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவில், திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவில், வடபழனி முருகன் கோவில் ஆகியவற்றில் மதியம் அன்னதானம் போடுவார்கள். எண்ணிக்கை கணக்குத்தான், அதனால் முன்னாடியே போய் டோக்கன் வாங்கணும். தி.நகர் ஜி.என்.செட்டி ரோட்டில் உள்ள குருத்வாராவில் ரொட்டி, பருப்பு போடுவார்கள். எந்த மதம், எந்த ஊர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு உட்காரணும், தட்டில் வாங்கியதை வீணாக்க கூடாது, அது மட்டும்தான் அங்கே ரூல்.

கொஞ்சம் நாக்குக்கு ருசியா...

வந்ததுதான் வந்தோம், நல்லதாக ஒரு வேளையாவது சாப்பிடலாம் என்றால் திருவல்லிக்கேணி போங்க. அங்கே அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ் இருக்கு. மேன்ஷன் பசங்களால் வளர்ந்த கடை. டோக்கன் வாங்கி காத்திருந்து உட்காரணும். வாழை இலையில் சைவ சாப்பாடு, வீட்டு சாப்பாடு மாதிரி. திருவல்லிக்கேணி ஹைரோட்டில் ரத்னா கபே, 1948-ல் இருந்து இருக்கும் ஓட்டல். இட்லி மேல் சாம்பாரை ஜக்கில் கொண்டு வந்து ஊற்றுவார்கள், இட்லி மிதக்கும். ஒரு பிளேட் இட்லிக்கு எத்தனை தடவை சாம்பார் என்று வெட்கப்படாமல் கேட்டு வாங்கலாம், அந்த கடையின் பேரே அந்த சாம்பாரில்தான்.

பாரிமுனை பக்கம் சாயங்காலம் இருந்தால் பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜாருக்கு பின்னாடி இரண்டாவது கடற்கரை சாலையில் அத்தோ கடைகள் இருக்கு. 1960-களில் பர்மாவில் இருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் கொண்டு வந்த சாப்பாடு அது. நூடுல்சில் முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர் எல்லாம் போட்டு கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூட வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையை கீறி பொரித்த வெங்காயம் வைத்து தருவதையும் விட்டுவிடாதீங்க. பெரிய ஓட்டலில் ஒரு தோசைக்கு கொடுக்கும் காசில் இங்கே வயிறு நிறையும். ஞாயிற்றுக்கிழமை பாரிமுனை வெறிச்சோடி கிடக்கும் என்பதால் வார நாளில் போங்க.

கையேந்தி பவன் எல்லா தெருவிலும் இருக்கு. எந்த கடை நல்ல கடை என்று கண்டுபிடிக்க ஒரு வழிதான். ஆட்டோ டிரைவர்களும், கொத்தனார்களும், போலீஸ்காரர்களும் எங்கே நின்று சாப்பிடுகிறார்களோ அங்கே நில்லுங்க. கூட்டம் ஓடும் கடையில் பழசு தங்காது. கண் எதிரே சுட்டு தரும் தோசை, இட்லிக்கு பயமில்லை. காலையிலேயே அரைத்து வைத்த தேங்காய் சட்னியை மட்டும் மத்தியானத்துக்கு மேல் தொடாதீங்க, வயித்தை கெடுத்துக்கொண்டு இண்டர்வியூ போக முடியாது.

மெரினாவில் மீன் வறுவல் வாசனை இழுக்கும். தட்டில் எடுத்து வைக்கும் முன்னாடியே "இந்த பீஸ் எவ்வளவு" என்று கேட்டுவிடுங்க. சாப்பிட்ட பிறகு கேட்டால் அவர் சொல்வதுதான் விலை.

பில்லை பார்த்து காசு கொடுங்க

ஒரே ஓட்டலில் கீழே ஒரு விலை, மாடியில் ஏ.சி. ஹாலில் ஒரு விலை. அதே இட்லி, அதே சாம்பார்தான். உட்காரும் முன்னாடியே போர்டை பாருங்க. "முழு சாப்பாடு" என்றால் திரும்ப திரும்ப கேட்கலாம், "அளவு சாப்பாடு", "மினி மீல்ஸ்" என்றால் தட்டில் இருப்பதோடு சரி. பசியாக இருப்பவருக்கு 30, 40 ரூபாய் கூட கொடுத்து முழு சாப்பாடுதான் லாபம்.

சாதாரண ஓட்டல்களில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பில்லில் ஜி.எஸ்.டி. நம்பரே இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் அதை கொடுக்க தேவையில்லை. "சர்வீஸ் சார்ஜ்" என்று தானாக சேர்க்கவும் கூடாது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் போட்ட உத்தரவை 2025 மார்ச்சில் டெல்லி ஐகோர்ட்டு சரி என்று சொல்லிவிட்டது. எடுத்துவிடுங்க என்று கேளுங்க. அடம் பிடித்தால் 1915-க்கு போன் போடுங்க, நுகர்வோர் உதவி எண்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கு. பஸ் நிலைய கடையிலோ, ரெயில்வே பிளாட்பாரத்திலோ அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் கூட வாங்க கூடாது. ஆனால் ஓட்டலில் உட்கார்ந்து வாங்கினால் கூட வாங்கலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு. அதனால் வெளியே வாங்கிக்கொண்டு உள்ளே போங்க, இல்லாவிட்டால் டம்ளர் தண்ணீர் கேளுங்க. 2025 ஜூன் மாதம் குடிநீர் வாரியம் 50 இடங்களில் இலவச குடிநீர் எந்திரம் வைத்தது. காலி பாட்டில் கையில் இருந்தால் அங்கே பிடித்துக்கொள்ளலாம்.

செல்போனில் ரூம் தேடினால்

கூகுளில் லாட்ஜ் பெயரை போட்டு தேடும்போது வரும் நம்பர் எல்லாம் அந்த லாட்ஜ் நம்பர் இல்லை. "முழு பணத்தையும் இப்பவே போட்டால் பாதி விலை" என்று யாராவது கியூ.ஆர். கோடு அனுப்பினால் போனை வைத்துவிடுங்க. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு சொல்லுங்க, சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. ஆப் மூலம் பதிவு செய்தாலும் கிளம்பும் முன்னாடி லாட்ஜுக்கே போன் செய்து "என் பேர்ல ரூம் இருக்கா, எத்தனை மணிக்கு தருவீங்க" என்று கேட்டுவிட்டு கிளம்புங்க. நடுராத்திரியில் போய் நின்று "சிஸ்டத்துல வரலையே" என்ற பதிலை கேட்டவர்கள் பலர்.

ஊருக்கு திரும்பும்போதும் கிளாம்பாக்கம்தான். மத்திய சென்னையில் இருந்து போக ரெயில், பஸ் மாறி இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலமும், பண்டிகைக்கு முந்தின நாளும் ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் பக்கம் வண்டி நகராது, அன்றைக்கு ஊரப்பாக்கம் வரைக்கும் மின்சார ரெயிலில் போய்விடுங்க. 24 மணி நேர கணக்கு லாட்ஜில் தங்கியிருந்தால், சாவியை கொடுக்கும்போது அட்வான்சில் மீதியை எண்ணி வாங்கிக்கொண்டு கிளம்புங்க.